மூணு அப்பாமார் ஆடின கேம்

"ஹலோ, முருகையாவோட கதைக்கலாமோ?"

கடையில அப்ப நல்ல கூட்டம். போட்டோ கொப்பி மெஷின் வேற பேப்பரை முழுங்கிட்டு நின்னுச்சு. வெளியில ஹட்டன் மழை, உள்ள ஈரக் குடை நாத்தம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, "அவரு செத்து பன்னெண்டு வருசமாச்சு, என்ன விசயம்?"னு கேட்டேன்.

அந்தப் பக்கம் பொம்பளைக் குரல், யாழ்ப்பாணத்துப் பேச்சு. மறுபடி மெதுவா வந்துச்சு.

"மன்னிக்கோணும். அப்ப பிச்சைமுத்து இருக்கிறாரோ?"

"இருக்காரு, வட்டவளைப் பக்கம். காது கேக்காது."

"சிவலிங்கம்?"

"எந்தச் சிவலிங்கம்?"

"அதைத்தான் நானும் கேக்க நினைச்சன். ரெண்டு தரம் எழுதியிருக்கு."

எனக்கு ஒண்ணும் புரியல. யாரோ கடன்காரங்க ஆள் மாறி எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு தொண்டையைச் செருமிக்கிட்டு, எழுதி வச்சதைப் படிக்கிற மாதிரி சொன்னா.

"நான் கொழும்பில இருந்து வாசுகி கதைக்கிறன். பெண்களுக்கான கேம் போட்டிக்கு நீங்கள் ஒரு டீம் பதிஞ்சிருக்கிறியள். நாலு பேரும் ஆம்பிளையள். அதில ஒருத்தர் மோசம் போயிட்டார் எண்டும் இப்ப சொல்லுறியள். உங்கட டீமைப் பட்டியல்ல இருந்து எடுத்துப் போட்டம். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

எனக்கு வாயடைச்சுப் போச்சு. என்னையத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அது லேசுல நடக்கிற காரியம் இல்ல.

மூணு பக்கக் கடுதாசி

இந்தக் கதைய இப்ப எழுத ஒரு காரணம் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு முந்தி பத்திரிகையோட இதே பக்கத்துல, ஞாயித்துக்கிழமையில என் கடைய பொம்பளைப் புள்ளைங்க கேம் ஆடவும் கம்பியூட்டர் வேலை பழகவும் விட்டுருக்கேன்னு ஒரு வரி எழுதினேன். ஒரே ஒரு வரி. அதுக்கு நுவரெலியாவுல இருந்து ஒரு பெரியவர் மூணு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்காரு. ஓய்வு பெற்ற அதிகாரியாம். கையெழுத்து அழகாத்தான் இருக்கு.

நம்ம சமுதாயத்துல எத்தனையோ பிரச்சினை இருக்கும்போது, பொம்பளைங்க துப்பாக்கி சுடுற விளையாட்டுக்கு ஒரு சங்கமா, அதுக்கு ஒரு ஆதரவான்னு முதல் பக்கத்துல கேக்குறாரு. ரெண்டாவது பக்கம் பூரா குடும்பம், பண்பாடு, பெண்மை. மூணாவது பக்கத்துல அவரோட பேரன் கேம் போட்டியில கெலிச்சு வீட்டுக்குக் கப்பு கொண்டு வந்த பெருமை. பேரன் ஆடினா மூளை, பேத்தி ஆடினா சீரழிவு. இதை ஒரே பேனாவால ஒரே நாள்ல எழுதியிருக்காரு பாருங்க, அதுக்காகவே அந்தக் கடுதாசியப் பத்திரமா வச்சிருக்கேன்.

ஐயா, ஒங்களுக்கு நான் தனியாப் பதில் போடல. இந்த வாரம் இதுதான் பதில்.

உண்மையச் சொல்லிடுறேன். பொம்பளைங்களை முன்னேத்துறோம்னு வர்ற இந்தக் குழுக்களைப் பாத்து ஒங்களை விட மோசமா நக்கலடிச்சவ நான். ஒரு தடவ கொழும்புல இருந்து ஒரு கூட்டம் ஹட்டனுக்கு வந்துச்சு. இந்த வாசுகி குழு இல்ல, வேற. வாடகைக்கு ஒரு மண்டபம் எடுத்து, பேனர் கட்டி, ஆளுக்கு ஒரு டீசேர்ட் குடுத்து, 'பெண்ணே விழித்தெழு'ன்னு மைக்குல சொன்னாங்க. எங்களை முழிக்கச் சொல்ல வந்தவங்க பத்தரை மணிக்குத்தான் வந்து சேந்தாங்க. நாங்க விடிய நாலு மணிக்கே முழிச்சு, சோறாக்கி, தோட்டத்துல ஆள் எண்ணுற பெரட்டுக்குப் பேர் குடுத்து, அரை நாள் லீவு போட்டு வந்து உக்காந்திருந்தோம். போட்டோ புடிச்சாங்க. சோத்துப் பார்சல் குடுத்தாங்க. பின்னேரம் ரயிலுக்குப் போயிட்டாங்க. அந்த டீசேர்ட் இப்பவும் எங்க வீட்டுல அடுப்பு துடைக்குது.

அதனால, பொம்பளைங்க டெக்குல முன்னேறணும், கேம்ல முன்னேறணும்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். அப்புறம் ஏன் அந்த டீம்ல சேந்தேன்? நான் சேரல. சேக்கப்பட்டேன். நாலு பேர் வேணும்னு சொன்னதால, எண்ணிக்கைக்கு.

முதல்ல வர்றது முதல் பேரு

ஹட்டன் பஸ் ஸ்டேண்ட் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, டைப்பிங், ஃபாரம் நிரப்புறது. இருபது வருசமா ஊர் சனத்தோட பிறப்பு, கல்யாணம், சாவு, பாஸ்போட் எல்லாத்தையும் கட்டம் கட்டமா எழுதுறவ நான். ஒரு எழுத்து பிழையாச் சொன்னாக்கூட ஏசுவேன். "ஒங்க அப்பா பேரே ஒங்களுக்குத் தெரியலையா?"ன்னு எத்தனை பேரைக் கேட்டிருப்பேன், கணக்கில்ல.

அந்த மகா கெட்டிக்காரி செஞ்ச வேலையைத்தான் வாசுகி போன்ல சொல்லிக்கிட்டு இருந்தா.

எங்க ஆளுங்களோட பேரு எப்படின்னா, முதல்ல அப்பா பேரு, பின்னால நம்ம பேரு. நான் முருகையா சரோஜினி. பிறப்புச் சான்றிதழ்ல அப்படி, பள்ளிக்கூடத்து இடாப்புல அப்படி, அடையாள அட்டையிலயும் அப்படி. கிளினிக்குல நர்ஸ் வந்து "முருகையா!"ன்னு கூப்பிட்டா, சேலையைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சுப் போறவங்க நாங்க. யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. பிரசவ வார்டு பூரா ராமசாமியும் பெருமாளும் படுத்திருப்பாங்க. எங்களுக்கு அது ஒரு விசயமே இல்ல.

போட்டிக்கான ஃபாரம் இங்கிலீசுல இருந்துச்சு. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம். முதல்ல வர்றது முதல் பேரு, கடைசியில வர்றது கடைசிப் பேரு. இதுல என்ன யோசிக்க இருக்கு? முருகையா, பிச்சைமுத்து, சிவலிங்கம், சிவலிங்கம்னு போட்டு அனுப்பிட்டேன். அந்த ரெண்டு சிவலிங்கமும் பக்கத்துத் தோட்டத்து முன்பள்ளி டீச்சரும் அவ தங்கச்சியும். போட்டி நடத்துறவங்க கம்பியூட்டர் ஃபர்ஸ்ட் நேமை மட்டும் பட்டியல் போட்டுருக்கு. பொம்பளைங்க போட்டிக்கு மூணு அப்பாமார் வந்து நின்னா அவங்கதான் என்ன செய்வாங்க?

பிச்சைமுத்துவோட மக சுமதி. என் தம்பி ரமேஷ் பொண்டாட்டி. இந்தக் கதை அவளுது.

ஹட்டன் கிங்

சுமதிக்கு அப்ப முப்பது வயசுக்கு ஒண்ணு ரெண்டு குறைவு. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தா. ஒரு மழை நாள்ல சரிவுல கூடையோட விழுந்ததுல முதுகு போச்சு. இனி பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சொல்லிட்டு அவரு போயிட்டாரு. பாரம் தூக்காம தோட்டத்துல என்ன வேலை இருக்குன்னு அவரு சொல்லல.

ரமேஷ் கொழும்புல ஒரு இரும்புக் கடையில வேலை. மாசத்துக்கு ஒரு தடவ வருவான். வந்தா கட்டில்ல படுத்துக்கிட்டு போன்ல கேம். பாரசூட்ல குதிச்சு, கிடைக்கிற துப்பாக்கியப் பொறுக்கிக்கிட்டு, கடைசி வரைக்கும் உயிரோட இருக்கணும், அந்த மாதிரி கேம். அதுல அவன் பேரு 'ஹட்டன் கிங்'. ஆரம்பத்துல கிங்கு ரெண்டு நிமிசத்துக்கு மேல உயிரோட இருந்தது இல்ல.

ஊரடங்கு காலத்துல வீட்டுல அடைஞ்சு கிடந்தப்ப சுமதிக்கும் அதைக் காட்டினான். மறுபடி வேலைக்குப் போறப்ப பாஸ்வேர்டைக் குடுத்து, "எனக்கு வேலை கூட, ரேங்க் இறங்காமப் பாத்துக்க"ன்னு சொல்லிட்டுப் போனான். கோழிக்குத் தீனி போடச் சொல்ற மாதிரி.

அவ இறங்காமப் பாத்துக்கல. ஏத்திட்டா. நாங்க இருக்கிற லயத்து வீட்டு வரிசைக்கு மேல தண்ணி டாங்கி இருக்கு. அந்தப் பக்கம் போனாத்தான் சிக்னல். வேலை முடிஞ்சு சாயங்காலம் நானும் அவளும் அங்க போய் உக்காருவோம். என் கேமை நான் ஆடி, சீக்கிரமே செத்து, மத்த நேரம் பூரா அவ ஆடுறதை வேடிக்கை பாப்பேன். கண்ணு இமைக்காது. மைக்கை மட்டும் போடவே மாட்டா. நான் ஒரு நாள் என் போன்ல மைக்கைப் போட்டு "பின்னால ஆள் வர்றான்"னு சொன்னேன். எவனோ ஒருத்தன், "அக்கா, சோறு வெந்துருச்சா?"ன்னு கேட்டான். மத்தவனுங்க சிரிச்சானுங்க. பின்னால வந்தவன் அவனைத்தான் முதல்ல சுட்டான். ரொம்ப சந்தோசமா இருந்துச்சு.

ரெண்டு வருசத்துல ஹட்டன் கிங் எங்கயோ போயிட்டாரு. கொழும்புல ரமேஷோட ரூம்ல இருக்கிற பயலுக அவனுக்கு டீ வாங்கிக் குடுத்து நுணுக்கம் கேப்பானுங்களாம். அதை அவனே வந்து சொல்லுவான், சுமதிய வச்சுக்கிட்டே. அவ தேங்காய் துருவிக்கிட்டு இருப்பா.

தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு 'பேரு'ன்னுதான் சொல்லுவோம். கொழுந்து குறைஞ்சா அரைப் பேரு. ரெண்டு வருசம் ஆடினதுக்கு சுமதிக்கு அந்த அரைப் பேரு கூட விழல. நான் மட்டும் என்ன கிழிச்சேன்? ரமேஷ் வீட்டுக்கு வந்தா "வாங்க கிங்கு"ன்னு சொல்லி நானும் பிளேன்டீ ஊத்திக் குடுத்தவதான்.

முதுகு போனதும் ரமேஷ் ஒரு ஏஜென்டைப் புடிச்சான். குவைத்துல ஒரு வீட்டு வேலை. கேம் ஆடுறது பொஞ்சாதின்னு தெரிஞ்சா மானம் போயிரும், அதே பொஞ்சாதி கடல் தாண்டிப் போய் அடுத்தவன் கக்கூஸ் கழுவினா மானம் தங்கிரும். என்ன கணக்கோ இது. பாஸ்போட் ஃபாரத்தை எழுதுறது யாரு? நான்தான். பாதி எழுதி என் மேசை லாச்சியில கிடந்துச்சு.

அந்தச் சமயத்துலதான் வாசுகி குழுவோட விளம்பரத்தை சுமதி போன்ல பாத்தா. பொம்பளைங்களுக்குப் போட்டி. அதோட, போட்டியில சேர்றவங்கள்ல மலைநாட்டுல இருந்து ஒரு ஆளை எடுத்து, புதுசா வர்ற கேம்களை ஆடிப் பாத்துப் பிழை புடிக்கிற வேலைக்கு ஆறு மாசம் பயிற்சி. வீட்டுல இருந்தே செய்யலாம், கம்பியூட்டரும் அவங்களே தருவாங்க. "பாரம் தூக்குற வேலை இல்லையே அண்ணி"ன்னு சுமதி என்கிட்ட ரெண்டு தடவ கேட்டா. அதுக்குத்தான் டீம். அதுக்குத்தான் ஃபாரம்.

ஐந்நூறு

வாசுகி போனை வைக்கப் போறான்னு தெரிஞ்சதும் எனக்கு வாய் திரும்பி வந்துச்சு.

"தங்கச்சி, வைக்காதீங்க. அது எங்க அப்பாமாரோட பேரு. நாங்க பொம்பளைங்கதான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். போன கிழமையும் ஒருத்தர் குரலை மாத்திக் கதைச்சவர்."

"அடையாள அட்டை நம்பர் குடுத்திருக்கோம்ல? எடுத்துப் பாருங்க. பிறந்த வருசத்துக்கு அடுத்து வர்ற மூணு இலக்கம். ஆம்பளைன்னா அது முந்நூத்தி அறுபத்தாறைத் தாண்டாது. பொம்பளைன்னா கவருமெந்து அதோட ஐந்நூறைக் கூட்டித்தான் போடும். எங்க நாலு பேருக்கும் ஐந்நூறுக்கு மேல இருக்கா, இல்லையா?"

இருபது வருசம் ஃபாரம் எழுதினதுல எனக்குக் கிடைச்ச ஒரே ஞானம் அதுதான். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வாசுகி சிரிச்சா. நல்லா, வாய் விட்டு.

"ஐயோ அக்கா. நாலும் ஐந்நூறுக்கு மேல. என்ர பிழை, மன்னிச்சுக் கொள்ளுங்கோ. டீமைத் திருப்பிப் போடுறன்."

கடையில நின்னவங்களுக்கு என்ன நடக்குதுன்னு தெரியாது, ஆனா அவங்களும் சிரிச்சாங்க. மூலையில பெஞ்சுல உக்காந்திருந்த சுமதி மட்டும் சிரிக்கல. அன்னைக்கு அவ டவுனுக்கு வந்ததே பாஸ்போட்டுக்குப் போட்டோ புடிக்க.

"ஆனா ஒரு விசயம்"னா வாசுகி. "சுமதி எண்டவ பயிற்சிக்கும் போட்டிருக்கிறா. தான் ஆடினதுக்குச் சாட்சியா 'ஹட்டன் கிங்' எண்ட கணக்கைக் குடுத்திருக்கிறா. அது ரமேஷ் எண்டவரின்ர பேரில இருக்கு. அவர் ஒருக்கா எங்களுக்கு எடுத்து, ஆடினது இவதான் எண்டு சொன்னாப் போதும். நாலு மணிக்குப் பட்டியல் போயிடும்."

மணி பன்னெண்டரை. எனக்கு மனசு லேசாயிருச்சு. ஒரு போன் தானே, அதுவும் சொந்தப் புருசன்.

ஒரு போன் தானே

கடையில இருந்தவங்களை வெளிய அனுப்பிட்டு, ரமேஷுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். விசயத்தைச் சொன்னேன்.

"அது எப்படிக்கா சொல்றது?"

"வாயாலதான் சொல்றது."

"வெளையாடாதக்கா. இங்க பயலுகளுக்கு எல்லாம் நான்தான் ஆடுறேன்னு தெரியும்."

"தெரியாது. நீ சொல்லி வச்சிருக்க."

"பொண்டாட்டி ஆடினதுன்னு வெளிய வந்தா நான் இங்க தலை காட்ட ஏலுமா?"

"கொழும்புல யாரோ ஒரு பொம்பளைகிட்ட போன்ல சொல்லப் போற. ஒன் ரூம்ல போஸ்டர் ஒட்டச் சொல்லல."

"அதெல்லாம் பரவும்க்கா. அதோட குவைத்துக்குப் பேசியாச்சு. இப்ப போய் எதுக்கு இந்தக் கூத்து? சரி, பாக்குறேன், பாக்குறேன்."

வச்சுட்டான். சுமதி அவ போனை எடுத்து என்னமோ அமத்திக்கிட்டு இருந்தா. கணக்குக்குள்ள போய், இதுவரைக்கும் ஆடின ஆட்டங்களைப் படம் எடுத்து அனுப்பலாம்னு அவளுக்கு ஒரு யோசனை. ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணு தடவ அடிச்சா. அப்புறம் போனை மடியில வச்சுட்டா.

"பாஸ்வேர்டை மாத்திட்டாரு அண்ணி."

போனை வச்சு பத்து நிமிசம் கூட ஆகல.

"ரெண்டு வருசமா அந்த ஒரே பாஸ்வேர்ட்தான். அவருக்கு மாத்தத் தெரியும்னே எனக்குத் தெரியாது"ன்னா. குரல்ல அழுகை இல்ல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

எனக்கு வந்த கோவத்துல குறுக்குப் புத்தி வேலை செஞ்சுச்சு. வெளிய மழைக்கு ஒதுங்கி நின்ன ஒரு திரீவீல்காரரைக் காட்டி, "அவரை ரமேஷ்னு பேச வச்சுருவோமா? ரெண்டு வார்த்தை தானே"ன்னு கேட்டேன்.

சுமதி என்னைய ஏற இறங்கப் பாத்தா.

"இன்னொரு ஆம்பளையா, அண்ணி?"

நான் நீட்டின கையை மடக்கிக்கிட்டேன்.

தகரக் கூரை

வாசுகிக்கு அவளே போனைப் போட்டா. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்.

"நான் சுமதி பேசுறேங்க. எங்க வீட்டுக்காரர் பேச மாட்டாரு. ஆடினது நான்தான். ஆனா அதைக் காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்லங்க."

நான் எதிர்பாத்தது என்னன்னா, சரி, அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லி வச்சுருவாங்க. ஆபீசுல இருக்கிறவங்க அப்படித்தான். இருபது வருசமாப் பாக்குறேன்.

"அவர் கதைக்காவிட்டால் விடுங்கோ"ன்னா வாசுகி. "உங்களுக்கு அந்தக் கேமைப் பற்றி என்ன தெரியும் எண்டு சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

சுமதி பையைத் திறந்தா. குடை, போட்டோ கவர், சாப்பிட ஒரு பாண் துண்டு. அதுக்கு அடியில ஒரு ஸ்கூல் கொப்பி. தண்ணி டாங்கிப் பக்கம் உக்காந்து அவ அதுல அடிக்கடி எழுதுறதை நான் பாத்திருக்கேன். ரமேஷ் அதைப் பைத்தியக்கார வேலைம்பான். நான் சாமான் லிஸ்ட்டுன்னு நெனச்சேன். ஒரு நாளும் வாங்கிப் பாத்தது இல்ல.

பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி படிச்சா.

"பாலத்துக்குக் கீழ பச்சை லொறி. பின் சக்கரத்துப் பக்கம் படுத்தா வெடி படாது, முன் சக்கரத்துப் பக்கம் படுது. மூணு மாடி வீட்டுல இடது பக்க ஜன்னல்ல குதிச்சா சுவத்துக்குள்ள கால் மாட்டிக்குது. நாலு தடவ செஞ்சு பாத்தேன், நாலு தடவையும் மாட்டுச்சு. ஆத்துல நிக்கிறவங்களுக்கு நிழல் விழுது, படகுல நிக்கிறவங்களுக்கு விழல."

"ம். சொல்லுங்கோ."

"மழை பெய்யுறப்ப தகரக் கூரைக்கு அடியில நின்னா மழைச் சத்தமே வரல. எதிராளி நடக்குற சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது. அது பிழைங்க. தகரத்துக்கு அடியில மழைக்கு நின்னா பக்கத்துல ஆள் கத்தினாக்கூடக் கேக்காது. இதைச் செஞ்சவங்க தகரக் கூரை வீட்டுல இருந்ததில்ல போல."

அவ பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சுக்கிட்டே போனா. எத்தனை பக்கம் இருக்குன்னு வாசுகி கேட்டா. கொப்பி முடியப் போகுதுன்னா இவ.

"இதை ஏன் எழுதி வச்சனீங்கள்?"

"பிழையா இருந்துச்சுங்க. அதான்."

அந்தப் பக்கம் மறுபடி தட்டச்சுச் சத்தம்.

"சுமதி, நாங்கள் ஆறு மாசம் சொல்லிக் குடுத்துச் செய்விக்கிற வேலை இதுதான். உங்கட பேரைப் போடுறன். அந்தக் கணக்கு எனக்குத் தேவையில்லை."

அப்ப சுமதி அழுதா. கொப்பியை மூஞ்சியில வச்சுக்கிட்டு, தோள் குலுங்க. நான் போய் மெஷின்ல மாட்டியிருந்த பேப்பரைப் புடுங்கிக்கிட்டு நின்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு, பெருமையா இருந்துச்சு, தம்பியைப் போய் ரெண்டு அறை அறையணும் போலவும் இருந்துச்சு. அழுது முடிச்சுட்டு, லாச்சியில இருந்த பாஸ்போட் ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, நாலா மடிச்சுப் பையில போட்டுக்கிட்டா. அதை என்ன செஞ்சான்னு நான் கேக்கல.

போட்டியில முதல் சுற்றுலயே தோத்துட்டோம். என்னாலதான். அதை விடுங்க.

பின்னாடி ஒரு கூட்டத்துல, மாலை போட்ட ஒரு பெரிய மனுசர் சுமதியைப் பாத்து, கொழுந்து கிள்ளின விரல்தான் கேமையும் கிள்ளுதுன்னு மைக்குல உருகிட்டாரு. கைதட்டலும் கிடைச்சுச்சு. "அப்படின்னா என் மாமியார்தான் முதல்ல வந்திருக்கணும்"னு சுமதி என் காதுல சொன்னா. எங்க அம்மா நாப்பது வருசம் கொழுந்து கிள்ளினவ. போனுக்குப் பதில் சொல்லவே அவளுக்கு இன்னும் தெரியாது. ரெண்டு வருசம் கண்ணு பூத்துப் போக உக்காந்து யோசிச்சு எழுதின மூளையை யாரும் பாக்க மாட்டாங்க, விரலைத்தான் பாப்பாங்க.

கடைசிக் கேள்வி

நுவரெலியாப் பெரியவரே, இந்தக் குழுக்காரங்க எல்லாம் நல்லவங்கன்னு நான் சொல்ல வரல. டீசேர்ட் கோஷ்டியும் இருக்கு. ஆனா சுமதிகிட்ட 'சொல்லுங்கோ, நான் கேக்கிறன்'னு சொன்னது, முகம் தெரியாத ஒரு வேத்து ஆள். ஒரே வீட்டுல, ஒரே சட்டியில சாப்பிட்ட நாங்க யாரும் அதைக் கேக்கல. ஞாயித்துக்கிழமை நான் கடையைத் திறந்து விடுறது ஏதோ பெரிய மனசுலன்னு நெனச்சிராதீங்க.

பயிற்சி தொடங்க முந்தி சுமதிக்கு ஒரு ஃபாரம் வந்துச்சு. தமிழ்லயே அச்சடிச்சிருந்தாங்க. ரமேஷும் அன்னைக்கு வீட்டுல இருந்தான். ஹட்டன் கிங் அதுக்குள்ள அதல பாதாளத்துக்கு இறங்கிட்டாரு, அதனால கொஞ்சம் அடக்கமா இருந்தான். சுமதி என் எதிர்ல உக்காந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தத் தடவ பேரைச் சரியா எழுதினேன். விலாசம், படிப்பு, வயசு எல்லாம் எழுதியாச்சு.

கடைசிக் கேள்வி: 'இத்துறையில் ஈடுபட உங்களை ஊக்குவித்த குடும்பத்தவர் யார்?'

"என் பேரைப் போடு. போன் வாங்கிக் குடுத்தது நான்தானே"ன்னு ரமேஷ் கட்டில்ல இருந்து சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே பேனாவைக் கட்டத்துல வச்சு, சுமதியைப் பாத்தேன். அவ என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியும். வாசுகிகிட்ட வாதாடினது யாரு, ஐந்நூறைக் கண்டுபுடிச்சது யாரு. சரோஜினியோட 'ச' எழுத பேனா தயாரா இருந்துச்சு.

"கோடு போட்டு விடுங்க அண்ணி"ன்னா.

"கோடா?"

"ஆமா. யாரும் இல்லன்னா கோடுதானே போடுவீங்க?"

அவ குரல்ல கோவம் கொஞ்சம் கூட இல்ல. ரெண்டு வருசம் நானும் அவ பக்கத்துலதான் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். எதிர்ல இருந்து அவ என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா, எழுதுறேனா இல்லையான்னு.

நான் கோடு போட்டேன்.